நீங்க சொல்லாம விட்டீங்க, எங்க வீட்டுக்குப் புறா வந்துச்சு

மதுரை மாவட்டத்துல இருக்க எல்லா ஆஸ்பத்திரி நர்சிங் சூப்பிரண்டன்ட் மேடங்களுக்கும், வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்களுக்கும் வணக்கம்.

நான் செக்கானூரணில ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், டிடிபியும் உண்டு. பட்டா சிட்டா, ஆதார் பிரின்ட், காதுகுத்து பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர்னு நாள் முழுக்க அடுத்தவங்க சொல்றத டைப் அடிக்கிறவ, இன்னைக்கு எனக்காக ஒண்ணு டைப் அடிக்கிறேன். பக்கவாதம் வந்து விழுந்த கை காலுக்கு வீட்டுல என்ன பயிற்சி செய்யணும்னு டிஸ்சார்ஜ்க்கு முன்னாடி எங்களுக்கு சொல்லிக்குடுங்கன்னு கேக்கத்தான் இது. நீளமாத்தான் இருக்கும், கோவிச்சுக்காதீங்க. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லப்போறதில்ல, ஏன்னா இது ஒரு ஆஸ்பத்திரி கதை இல்ல, எங்க தெருவுலயே மூணு வீட்டுல இதே கதைதான், மூணு பேரும் வேற வேற ஆஸ்பத்திரி.

எங்க அப்பா லைன் பஸ் டிரைவர். உசிலம்பட்டிக்கும் மதுரைக்கும் நடுவுல முப்பது வருஷம் ஓட்டுனவரு. போன வருஷம் மாசி மாசம் ஒருநா வெள்ளன எந்திரிச்சு பல்லு விளக்கப் போனவரு வாசப்படியிலயே சரிஞ்சு உக்காந்துட்டாரு, வாய் ஒரு பக்கமா இழுத்துருச்சு, இடது கையும் காலும் விழுந்துருச்சு. 108க்கு அடிச்சோம், வண்டியும் சீக்கிரமே வந்துச்சு. பதினோரு நாள் ஆஸ்பத்திரில இருந்தோம். உசுர காப்பாத்தி குடுத்தீங்க, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு சளிய உறிஞ்சி எடுக்க சக்சன் போட்ட சிஸ்டர் மொகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு, அந்தப் பொண்ணு அன்னைக்கு சாப்பிட்டுச்சான்னே தெரியல.

குறை டிஸ்சார்ஜ் அன்னைக்குத்தான். காலைல ரவுண்ட்ஸ்ல டாக்டர் வீட்டுக்கு போகலாம்னாரு, அதுல இருந்து சாயந்திரம் நாலு மணி வரைக்கும் பில்லு, பார்மசி, கையெழுத்துன்னு ஓட்டம். சிஸ்டர் மாத்திரை அட்டைய ஒவ்வொண்ணா எடுத்து காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு பேனாவுல எழுதி குடுத்தாங்க. மூக்கு டியூப்ல கஞ்சி எப்படி ஊத்தணும், ஊத்தும்போது தலைய எம்புட்டு தூக்கி வைக்கணும், கடைசியா தண்ணி விட்டு டியூப்ப கழுவணும்னு சொன்னதோட விடல, என் கையில சிரிஞ்ச குடுத்து, "நீங்க ஒருதடவ ஊத்துங்கக்கா, நான் பாக்குறேன்"னு நின்னு பாத்தாங்க. அதனாலதான் அந்த டியூப் இருந்த ஒன்றரை மாசத்துல ஒருதடவ கூட புரையேறல. இத ஏன் சொல்றேன்னா, உங்களுக்கு சொல்லித்தர தெரியும், அதுக்கு நேரமும் எப்படியோ ஒதுக்குறீங்க. ஆனா விழுந்து கெடந்த அந்த கையையும் காலையும் என்ன செய்யணும்னு ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லல. டிஸ்சார்ஜ் சம்மரி கடைசில "பிசியோதெரபி அட்வைஸ்டு"ன்னு, அதாவது கைகாலுக்கு பயிற்சி குடுக்கணும்னு, இங்கிலீஷ்ல ஒரு வரி இருந்துச்சு. நாலு மாத்திரை பேருக்கு நடுவுல அதையும் ஏதோ மாத்திரைன்னுதான் எங்கம்மா நெனச்சிருந்தாங்க.

நீங்க சொல்லாம விட்ட இடம் சும்மா காலியா கெடக்காது பாருங்க. மறுநாளே பெரியப்பா ஒரு கூடைல ரெண்டு புறாவ கொண்டாந்துட்டாரு. வாதத்துக்கு புறா ரத்தம்னு நம்ம பக்கம் எல்லாருக்கும் தெரியும், சிரிக்காதீங்க, உங்க வார்டுல வேலை பாக்குற ஆயாம்மாட்ட கேட்டாலும் அதத்தான் சொல்லுவாங்க. நான் வேணாம்னேன். "நீ படிச்சவ, உனக்கென்ன தெரியும்"னாரு. சரி ஆஸ்பத்திரில என்ன செய்யச் சொன்னாங்கன்னு சொல்லு, அத செய்வோம்னாரு, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஒண்ணும் சொல்லலையேன்னு நிக்கிறவ எந்த மொகத்த வச்சுக்கிட்டு புறாவ தடுக்குறது? சூட்டோட தோள்ல இருந்து விரல் வரைக்கும் தடவி, துணிய சுத்தி, கைய மடக்கி நெஞ்சு மேல வச்சு கட்டிட்டாங்க, மூணு நாளைக்கு அவுக்கக் கூடாதுன்னு கண்டிசன். ரெண்டாவது நாள் ராவுல லைட்ட போட்டா கட்டில் கால்ல இருந்து கட்டு வரைக்கும் எறும்பு சாரை. எங்கப்பா முழிச்சுத்தான் கெடந்தாரு. அந்தப் பக்கம் அவருக்கு ஒண்ணும் தெரியல.

அந்த மூணு நாளோட அது முடிஞ்சுதுன்னா பரவால்ல. கைய அசைக்காம வைக்கிறதுதான் வைத்தியம்னு வீட்டுல எல்லாருக்கும் பதிஞ்சு போச்சு. விழுந்த கை, பாவம், தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு தலகாணி மேல சாமி மாதிரி வச்சிருந்தோம். அதே சமயம் அவர தூக்கி உக்கார வைக்கணும்னா என் தம்பி அந்த இடது கைய புடிச்சுத்தான் இழுப்பான், எட்டுற பக்கம் அதான் இருந்துச்சு. மூணாவது வாரம் தோள தொட்டாலே அலற ஆரம்பிச்சாரு. அஞ்சாவது வாரம் விரல் அஞ்சும் உள்ள மடங்கி முஷ்டி ஆயிருச்சு, திறக்க முடியல. ஒருநா துணி மாத்தும்போது ஒரு வாடை, எங்கிருந்துன்னு தேடுனா அந்த முஷ்டிக்குள்ள இருந்து. வெந்நில நனச்சு நனச்சு அரை மணி நேரம் கழிச்சு விரல விலக்கி பாத்தா உள்ளங்கை வெள்ளையா ஊறிப்போய் தோல் உரிஞ்சு, நடுவிரல் நகம் குத்தி பிறை மாதிரி ஒரு புண்ணு. நகம் வெட்டணும்னு கூட எங்களுக்கு தோணல, கைதான் மூடியிருக்கே.

காலு இன்னொரு கதை. படுத்தே கெடந்ததுல பாதம் கீழ்நோக்கி தொங்கி அப்படியே இறுகிப்போச்சு, குதிங்கால தரையில வைக்க முடியல. இடது காலு. முப்பது வருஷம் கிளச் மிதிச்ச காலு. பாக்க கிளச்ச முழுசா அமுக்கி புடிச்ச மாதிரியே இருந்துச்சு, வண்டியே இல்லாம. அத முதல்ல கண்டுபிடிச்சு சொன்னது அவரோட கண்டக்டர்தான், பாக்க வந்தவரு சொல்லிட்டு வெளிய போயி அழுதாரு.

இப்ப இந்த லெட்டர் எழுத வச்ச விஷயத்துக்கு வர்றேன். எங்க சித்தி மக மதுரைல நர்சிங் டிப்ளமோ ரெண்டாம் வருஷம் படிக்கிறா. லீவுல வந்தவ அவளோட ரெக்கார்டு நோட்டுல நாலு பக்கம் ஜெராக்ஸ் எடுக்கணும்னு கடைக்கு வந்தா. மிஷின்ல கவுத்து வைக்கும்போது பாக்குறேன், கலர் பென்சில்ல ஒரு ஆள் படுத்திருக்க மாதிரி படம், அவரு கைய ஒரு நர்ஸ் முழங்கைலயும் மணிக்கட்டுலயும் தாங்கி மடக்குற மாதிரி, அடுத்தது நீட்டுற மாதிரி, அப்புறம் மணிக்கட்டு, விரல், இடுப்பு, முழங்கால், பாதம், அம்புக்குறியெல்லாம் சிவப்புல போட்டிருந்தா. மேல தலைப்பு "ரேஞ்ச் ஆஃப் மோஷன் எக்சர்சைஸ்", அதாவது ஒவ்வொரு மூட்டையும் அது போற அளவுக்கு அசைக்கிற பயிற்சி. கீழ மிஸ் கையெழுத்து, பத்துக்கு ஒம்போது மார்க். நான் அப்படியே நின்னுட்டேன். இதுதான பாப்பா அப்பாவுக்கு செஞ்சிருக்கணும், இத வார்டுல செய்வீங்களான்னு கேட்டேன். "டம்மி பொம்மைக்கு செஞ்சு காட்டுவோம்க்கா, எக்ஸாமுக்கு வரும், வார்டுல பிபி பாக்கவும் பெட் போடவுமே நேரம் சரியா போயிரும்"னா.

அதாவது இது உங்களுக்கு தெரியாத விஷயம் இல்ல. உங்க ஒவ்வொருத்தர் நோட்டுலயும் ஒரு காலத்துல இதே படம் இருந்திருக்கும். எனக்கு கோபம் வந்தது அங்கதான்.

அப்புறம் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே பிசியோ வருவாங்கன்னு, சுகர் மாத்திரை குடுக்க வர்ற அக்கா சொல்லித்தான் தெரிஞ்சுச்சு. 2021 ஆகஸ்ட் 5லேர்ந்து நடக்குற திட்டம், எனக்கு தெரிஞ்சது என் அப்பா விழுந்து ரெண்டு மாசம் கழிச்சு, அதுவும் ஊருக்கெல்லாம் பார்ம் பில்லப் பண்ணி குடுக்குற எனக்கு. வந்த பிசியோ சின்னப் பையன், ஆனா கை பழகுன கை. தோள தடவிப் பாத்துட்டு, எலும்புக்கும் மூட்டுக்கும் நடுவுல ஒரு விரக்கடை இடைவெளி விட்டுருச்சுக்கா, யாரு இந்த கைய புடிச்சு இழுத்ததுன்னாரு. என் தம்பி தலைய குனிஞ்சுக்கிட்டான். அடுத்து எப்ப வருவீங்கன்னு கேட்டா அவரு பாவம் ஒரு பிளாக் முழுக்க பாக்கணும், "நான் வர்றது முக்கியமில்லக்கா, தெனம் ரெண்டு வேளை நீங்க செய்யிறதுதான்"னு சொல்லி உக்காந்து சொல்லிக் குடுத்தாரு. மொத்தம் இருபது நிமிஷம். அதே இருபது நிமிஷம் டிஸ்சார்ஜ் அன்னைக்கு கெடச்சிருந்தா?

அவரு சொன்னத அப்படியே எழுதுறேன். மூணு வகை இருக்காம். அவங்களே அசைக்க முடிஞ்சா அவங்களே அசைக்கிறது, பாதி அவங்க பாதி நம்ம, ஒண்ணுமே முடியாதப்ப முழுக்க நம்ம. அப்பாவுக்கு இடது பக்கம் கடைசி வகை. எந்த மூட்ட அசைக்கிறோமோ அதுக்கு மேல ஒரு கை கீழ ஒரு கை தாங்கு குடுக்கணும், தொங்க விடக்கூடாது, சதைய கவ்வி புடிக்கக் கூடாது. பைய மடக்கி பைய நீட்டணும். இறுகி நிக்கிற இடத்துல நின்னுரணும், அதுக்கு மேல தள்ளக்கூடாது. ஒரு அசைவுக்கு அஞ்சு தடவ, காலைல ஒருக்க சாயந்திரம் ஒருக்க. செய்யிறவங்க மூட்ட பாக்கக்கூடாது, மொகத்த பாக்கணும், ஏன்னா பேச்சு சரியா வராதவங்களுக்கு வலி புருவத்துலதான் முதல்ல தெரியும். இந்த ஒரு வரிக்கே அவருக்கு ஒரு கும்பிடு.

தோள் எப்பவும் கவனம். நல்லா இருக்கவங்களுக்கு கை தலைக்கு மேல 180 டிகிரி போகும், ஆனா தொளதொளன்னு விழுந்த கைய நம்மளா நெஞ்சு உயரம், அதாவது 90 டிகிரிக்கு மேல தூக்கவே கூடாது, முதுகுப் பக்கம் இருக்க பட்டை எலும்பையும் சேத்து நகத்த தெரிஞ்சவங்க கூட இருந்தா தவிர. முழங்கைய மடக்கி நீட்டுறது, உள்ளங்கைய வானம் பாக்க பூமி பாக்க திருப்புறது, இதெல்லாம் சுலுவா வந்துருச்சு. விரல்தான் வரல. நாங்க நுனிய புடிச்சு ஒவ்வொண்ணா பிரிச்சுக்கிட்டு இருந்தோம், அது இன்னும் இறுக்கும். அவரு என்ன செஞ்சாருன்னா மணிக்கட்ட முதல்ல கீழ்ப்பக்கமா மடக்குனாரு, மடக்குன ஒடனே விரல் தானா தளந்துச்சு, அப்ப கட்டைவிரல அடியில புடிச்சு வெளிய எடுத்துட்டு மத்த நாலையும் சேத்து விரிச்சாரு, விரிச்சு புடிச்சுக்கிட்டே மணிக்கட்ட பைய நிமித்துனாரு. எங்கம்மா வாயப் பொத்திக்கிட்டாங்க. வாரக்கணக்கா வெந்நி ஊத்தி மல்லுக்கட்டுன கை, ஒரு மந்திரமும் இல்லாம தொறந்துச்சு. உங்களுக்கு இது சாதாரணம், எங்களுக்கு அன்னைக்கு தீபாவளி.

பாதத்துக்கு, குதிங்கால உள்ளங்கைல ஏந்திக்கிட்டு, நம்ம முன்னங்கை அவரு உள்ளங்காலோட படியிற மாதிரி வச்சு, கையால தள்ளாம நம்ம ஒடம்ப சாச்சு பாதத்த அவரு மொகத்த பாத்து கொண்டுவரணும். நிக்கிற மாதிரி நேரா 90 வந்து அதுக்கு மேல இன்னும் ஒரு 20 டிகிரி வரணுமாம் நல்ல காலுக்கு. அப்பா காலு முதநா நேர் வரைக்கும் கூட வரல. அப்பதான் நான் ஏதோ வாய்ல வந்தத, "கிளச்ச விடுங்கப்பா"ன்னேன். சிரிச்சாரு. விழுந்ததுக்கு அப்புறம் அந்த கோண வாய்ல முதத்தடவையா சிரிச்சது. இன்னைக்கும் வீட்டுல அந்த பயிற்சி பேரு கிளச்சுதான்.

அஞ்சு எண்ணுறதுக்கு பதிலா அவரு ஸ்டாப்பிங் சொல்லுவாரு. முதத்தடவ உசிலம்பட்டி, அடுத்தது கருமாத்தூர், செக்கானூரணி, நாகமலை புதுக்கோட்டை, அஞ்சாவது காளவாசல். குழறித்தான் வரும், ஆனா நான் அவசரத்துல நாலோட விட்டா, "ஏத்தா, காளவாசல் எறங்கணும்"னு புடிச்சுக்குவாரு. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கதையே மறந்த மாதிரி கெடந்த மனுசன், வலது மூளைல அடைப்பு வந்தா அப்படித்தான் சில பேருக்கு ஆகுமாம், இப்ப அந்த கைய தலைய திருப்பி பாக்குறாரு. வலது கைய இடது கையோட கோத்துக்கிட்டு அவராவே முட்டி வரைக்கும் கொண்டு போறாரு, அது நாங்க சொல்லிக் குடுக்காத தோது.

வேற என்னென்ன தப்பு பண்ணோம்னும் சொல்லிடுறேன், உங்க வார்டுலயும் இதெல்லாம் நடக்கும். முட்டிக்கு அடியில சொகமா இருக்கட்டும்னு நாள் முழுக்க தலகாணி வச்சிருந்தோம், அது முட்டிய மடங்குன வாக்குலயே இறுக்கிரும்னாரு. பாக்க வர்ற சொந்தக்காரங்க ஆப்பிளோட ஒரு சிரிக்கிற மஞ்ச பந்தும் வாங்கிட்டு வருவாங்க, அமுக்குனா பலம் வரும்னு, வீட்டுல நாலு பந்து கெடந்துச்சு. ஏற்கனவே மூடிக்கிட்டு நிக்கிற கைக்கு இன்னும் மூட பழக்குறீங்களேக்கான்னு சொல்லி பந்த பேரப் பிள்ளைட்ட குடுத்துட்டு, ஒரு சின்ன துண்ட சுருட்டி உள்ளங்கைல வச்சாரு. செய்யக்கூடாத நேரமும் இருக்கு, அத சொல்லாம இத மட்டும் சொல்லிக்குடுத்தா அதுவும் தப்புதான். கெண்டைக்கால் திடீர்னு வீங்கி சூடா வலிச்சா ரத்தக்கட்டா இருக்கலாம், தொடாம டாக்டர்ட்ட காட்டணும். எலும்பு முறிஞ்ச இடம், நழுவுன மூட்டு, சிவந்து வீங்குன மூட்டு, ஆபரேசன் பண்ண பக்கம், இதையெல்லாம் கேக்காம அசைக்கக் கூடாது. சீக்கிரம் செஞ்சா நல்லதுன்னு விழுந்த அன்னைக்கே புடிச்சு நடக்க வைக்கிறதும் நல்லதில்ல. அஞ்சு நாட்டுல 2104 பேர வச்சு செஞ்ச அவெர்ட்னு ஒரு ஆய்வு 2015ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகைல வந்துச்சு, முதல் 24 மணி நேரத்துக்குள்ளயே கட்டில விட்டு அடிக்கடி நெறைய எழுப்பி விட்டவங்கள்ல, மூணு மாசம் கழிச்சு நல்லா தேறுனவங்க மத்தவங்கள விட கொஞ்சம் கம்மிதான்னு. எப்ப ஆரம்பிக்கிறதுன்னு டாக்டர் சொல்லட்டும். எப்படின்னு நீங்க சொல்லுங்க, அதான் கேக்குறேன்.

இன்னொண்ணும் ஒளிக்காம சொல்லிடுறேன், ஏன்னா உங்கள்ல படிச்சவங்க யாராச்சும் கேப்பீங்க. கடைல நெட்டு இருக்கு, ராத்திரி கடை சாத்துனதுக்கு அப்புறம் உக்காந்து படிச்சேன். 2017ல கோக்ரேன்னு மருத்துவ ஆய்வுகள அலசுற அமைப்புக்காரங்க பல ஆய்வுகள ஒண்ணா சேத்து பாத்து, ஏழு மாசத்துக்கு உள்ள செய்யிற இழுத்து நீட்டுற பயிற்சி மட்டும் மூட்டு இறுகுறத பெரிசா தடுக்கல, மாத்தலன்னு எழுதியிருக்காங்க. படிச்சதும் எனக்கு சொரேர்னு ஆயிருச்சு. பிசியோட்ட போன்ல கேட்டேன். உண்மைதான்க்கா, அதனாலதான் வெறும் மடக்கி நீட்டுறதோட நிக்காதீங்கன்னு சொல்றேன், சரியா படுக்க வைங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க திருப்புங்க, தெனம் உக்கார வைங்க, முடிஞ்ச அசைவ அவரையே செய்ய விடுங்கன்னாரு. எனக்கு தோணுறது வேற. எங்க வீட்டுல இந்தப் பயிற்சி ஆரம்பிச்ச பெறகுதான் அந்தக் கைய தெனம் யாராச்சும் தொட்டாங்க. தொட்டதாலதான் நகம் வெட்டுனோம், உள்ளங்கைய கழுவித் தொடச்சோம், குதிங்கால்ல ஒரு சிவப்பு வந்தத புண்ணு ஆகுறதுக்கு முன்னாடி பாத்தோம். பாவம்னு ஒதுக்கி வச்சிருந்த கை அது. டிகிரி கணக்குல எம்புட்டு கூடுச்சுன்னு நான் சொல்ல வரல.

உங்க கஷ்டம் தெரியாம எழுதலைங்க. இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரின்னா மூணு நோயாளிக்கு ஒரு நர்ஸ், மத்த ஆஸ்பத்திரின்னா அஞ்சு பேருக்கு ஒரு நர்ஸ் இருக்கணுமாம். நாங்க இருந்த வார்டுல ராத்திரில நான் எண்ணுன கணக்கு அதுக்கு கிட்டக்க கூட வரல. தொகுப்பூதியத்துல வருஷக்கணக்கா ஓட்டுறவங்க உங்கள்ல எத்தன பேருன்னும் தெரியும், போராட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்க என் கடைக்கே வந்திருக்காங்க. அதனால நீங்களே ஒவ்வொரு நோயாளிக்கும் ரெண்டு வேளை செய்யுங்கன்னு நான் கேக்கல. காலைல ஒடம்பு தொடைக்கும்போது கைய தூக்கித்தான் அக்குள தொடைக்கிறீங்க, காலை மடக்கித்தான் பவுடர் போடுறீங்க, பெட்சீட் மாத்த புரட்டுறீங்க. அப்ப பக்கத்துல ஒரு அட்டெண்டர் நிப்பாங்க, மக, மருமக, பொண்டாட்டி, யாரோ ஒருத்தி போன பாத்துக்கிட்டோ அழுதுக்கிட்டோ. அவங்கள கூப்பிட்டு, "இங்க புடிங்க, இப்படி மடக்குங்க"ன்னு சொன்னா போதும். பதினோரு நாள்ல பதினோரு தடவ அவங்க கை பழகிரும்ல.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு டியூப்ல கஞ்சி ஊத்த வச்சு பாத்தீங்கல்ல, அதே மாதிரி ஒருதடவ அவங்கள செய்ய வச்சு பாருங்க. பத்து நிமிஷம். நேரமே இல்லன்னா வார்டுல கூட்டங்கூட்டமா நிக்கிற நர்சிங் மாணவிங்க இருக்காங்களே, ரெக்கார்டு நோட்டுல படம் போட்ட பிள்ளைங்க, அவங்கள்ட்ட ஆளுக்கு ஒரு அட்டெண்டர ஒப்படைங்க, டம்மிக்கு செஞ்சு காட்டி வாங்குற மார்க்க ஒரு அட்டெண்டருக்கு சொல்லிக் குடுத்ததுக்கு போடுங்க. அந்தப் பிள்ளைங்களுக்கும் அது மறக்காது. அப்புறம் அந்த "பிசியோதெரபி அட்வைஸ்டு"ங்கிற ஒரு வரிய தயவுசெஞ்சு தமிழ்ல எழுதுங்க. எந்தப் பக்கம், எந்த மூட்டு, எது வரைக்கும், எத செய்யக்கூடாது, விழுந்த கைய புடிச்சு தூக்கக்கூடாது, ஊர்ல வீட்டுக்கு வர்ற பிசியோவுக்கு யார்ட்ட சொல்லணும், இம்புட்டுத்தான், அரைப்பக்கம். விழுந்த கைய புடிச்சு தூக்கக்கூடாதுங்கிற அந்த ஒரு வரிய என் தம்பி படிச்சிருந்தா அப்பா தோள் இன்னைக்கு அப்படி இருக்காது. அவன் இப்பவும் அப்பாவ தூக்கும்போது ஒரு நிமிஷம் தயங்கி நின்னு கைய இடுப்புக்கு கொண்டு போறான், எனக்கு பாக்கவே சங்கடமா இருக்கும்.

இப்ப எப்படி இருக்காருன்னா, நடக்கல. வாக்கர புடிச்சு, ரெண்டு பேரு ரெண்டு பக்கம் நின்னா எந்திரிச்சு நிப்பாரு, இடது குதிங்கால் தரையில படுது, அதுக்கே ஏழு மாசம் ஆச்சு. தோள் வலி முழுசா போகல. கை முழுசா விரியல, ஆனா சோப்பு போட்டு கழுவுற அளவுக்கு விரியுது. பெரியப்பா வாரத்துல ரெண்டு நாள் வந்து சாயந்திர பயிற்சி ட்ரிப்ப அவரே ஓட்டுறாரு, புறா பேச்ச எடுக்குறதில்ல, எடுத்தா அப்பா மொறைக்கிறாரு.

நான் இந்தப் பயிற்சிய ஒரு தாள்ல அடிச்சு வச்சிருக்கேன். ஏ4, ரெண்டு பக்கமும் பிரின்ட், முன்னாடி செய்ய வேண்டியது, பின்னாடி செய்யக்கூடாதது, எழுத்து பெரிசு, கண்ணாடி இல்லாம எங்கம்மா படிச்சுட்டாங்க. பிசியோ ஒருதடவ பாத்து குடுத்துட்டாரு, ஆனா உங்கள்ல ஒருத்தர் பாத்து சிவப்பு மையில திருத்தி, இது எங்க வார்டுல குடுக்கலாம்னு ஒரு கையெழுத்து போட்டு குடுத்தீங்கன்னா மாசம் 200 காப்பி என் செலவு, கட்டிலுக்கு மேல மாட்டுற மாதிரி வேணும்னா லேமினேட்டும் போட்டுத் தர்றேன். மதுரைக்குள்ள எந்த ஆஸ்பத்திரின்னாலும் சரி, பஸ்ல குடுத்து விட்டா நம்ம டிரைவருங்க கொண்டாந்து சேத்துருவாங்க. படம் மட்டும் சித்தி மக வரைஞ்சதையே ஸ்கேன் பண்ணி போட்டிருக்கேன், அந்த முழங்கை கொஞ்சம் கோணலாத்தான் இருக்கும், அவ மிஸ் ஒரு மார்க் கொறச்சதும் அதுக்குத்தானாம்.

இப்படிக்கு,
செக்கானூரணி ஜெராக்ஸ் கடைக்காரி,
ஒரு லைன் பஸ் டிரைவரோட மக